களமும் பயிற்சியும்: ஒரு புள்ளியியல் பார்வை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

முன்னுரை

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் முன்னோர் வாக்கு. படிப்பு ஒன்றையே நம்பி இருப்போரைப் பார்த்து மைதானத்தில் இருப்போர் சொல்லும் பழமொழி இது. ஆனால் மைதானத்திலேயே விளைந்த சுரைக்காயும் சில வேளைகளில் கறிக்கு உதவுவதில்லை. நாள் தவறாமல் பயிற்சி செய்தவர்கள், போட்டி என்று வரும்போது கற்றதை எல்லாம் எங்கோ தொலைத்துவிட்டு நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அப்போது நாம் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: "பயந்துவிட்டான்."

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டியில் நம் அணிக்கும் இதுவே நேர்ந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்திற்கும் குறைவு. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். முந்தைய இரண்டு ரைடுகளும் வெறுமையாய் முடிந்திருந்தன. எனவே மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே தீர வேண்டும். இல்லையேல் பாடிச் சென்றவர் வெளியேற, எதிரணிக்கு ஒரு புள்ளி போய்விடும். எதிரே நின்றவர்கள் நால்வர். நம் அணியிலேயே சிறந்த ரைடரான என் நண்பர் பாடிச் சென்றார். 30 நொடிகளும் கரைந்தன. ஒருவரையும் தொடாமல் திரும்பி வந்தார். ஆட்டம் போயிற்று.

அன்று பேருந்தில் திரும்பும்போது அவருடன் யாரும் பேசவில்லை. "பயிற்சியில் புலி, போட்டியில் பூனை" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மறுவாரம் முதல் அவர் மைதானத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அணியில் மாற்று ஆட்டக்காரனாக அமர்ந்து புள்ளி எழுதுவதே பெரும்பாலும் என் வேலை. அதனால் அந்த ஆட்டத்தின் குறிப்பேடு என் கையில் இருந்தது. பின்னர் ஒருநாள் அதைப் புரட்டியபோது, நாங்கள் அவர்மீது சுமத்திய பழி எவ்வளவு தவறானது என்பது தெரிந்தது. அதன் விளைவே இக்கட்டுரை. பயிற்சியைப் போட்டியைப் போலவே அமைப்பதற்குப் புள்ளிவிவரம் எவ்வாறு துணை செய்யும் என்பதை இங்கே காண்போம்.

பயிற்சி என்பது ஒரு கூறு

புள்ளியியல் வகுப்பில் முதலில் கற்பது முழுமைத் தொகுதி, கூறு என்னும் இரண்டு சொற்கள். ஒரு மூட்டை நெல்லின் தரத்தை அறிய மூட்டை முழுவதையும் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கைப்பிடி எடுத்துப் பார்க்கிறோம். அந்தக் கைப்பிடி கூறு. மூட்டை முழுமைத் தொகுதி. மூட்டையின் மேற்பகுதியில் மட்டும் நல்ல நெல்லைப் பரப்பி வைத்திருந்தால் நம் கைப்பிடி நம்மை ஏமாற்றிவிடும்.

பயிற்சியும் இத்தகைய ஒரு கூறுதான். போட்டியில் நேரக்கூடிய எண்ணற்ற சூழ்நிலைகளிலிருந்து நாம் அள்ளி எடுத்துக்கொள்ளும் ஒரு கைப்பிடியே பயிற்சி. அந்தக் கைப்பிடியில் எளிய சூழ்நிலைகள் மட்டும் நிறைந்திருந்தால், பயிற்சியில் காணும் திறமை போட்டியில் காணப்போகும் திறமையை நமக்குச் சரியாகச் சொல்லாது.

எகான் பிரன்ஸ்விக் என்னும் உளவியல் அறிஞர் இக்கருத்தை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வலியுறுத்தினார். ஆய்வுக்கு மனிதர்களை எப்படிக் கூறெடுக்கிறோமோ, அப்படியே சூழ்நிலைகளையும் கூறெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆய்வுக்கூடத்தில் உள்ள சூழ்நிலை வாழ்க்கையில் உள்ள சூழ்நிலையைப் பிரதிபலிக்காவிட்டால் முடிவு பயன்படாது என்றார். பிற்கால விளையாட்டு அறிஞர்கள் இதையே பயிற்சிக்குப் பொருத்திப் பார்த்தனர்.

உலகம் கண்ட சில ஆய்வுகள்

முதலில் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பந்து வீசும் இயந்திரத்தின் முன் நின்று மணிக்கணக்கில் பயிற்சி செய்வது இன்று எங்கும் வழக்கம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகிறது. அதற்குள் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, காலை நகர்த்தி, மட்டையை வீச வேண்டும். நல்ல மட்டையாளர் பந்து கையை விட்டுப் புறப்படும் முன்னரே பந்து வீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு ஆகியவற்றிலிருந்து குறிப்பறிந்து கொள்கிறார். இயந்திரத்திற்குத் தோளும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. பிண்டர், ரென்ஷா, டேவிட்ஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இளம் மட்டையாளர்கள் உண்மையான பந்து வீச்சாளரை எதிர்கொள்ளும்போதும் இயந்திரத்தை எதிர்கொள்ளும்போதும் அவர்களுடைய கால் நகர்வும் மட்டை வீச்சும் தொடங்கும் நேரம் வேறுபடுவதை அளந்து காட்டினர். பந்தின் வேகம் ஒன்றாயிருந்தும் ஆட்டம் ஒன்றாக இல்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு பேஸ்பால். 1994இல் ஹால், டொமிங்குவெஸ், கவாசோஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இது. கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு ஆறு வாரங்கள் கூடுதல் மட்டைப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு குழுவினருக்கு ஒரே வகைப் பந்து 15, அடுத்த வகை 15, மூன்றாம் வகை 15 என்று வரிசையாக வீசினர். மற்றொரு குழுவினருக்கு அதே 45 பந்துகளைக் கலந்து, எது வரும் என்று தெரியாதபடி வீசினர். பயிற்சியின் முடிவில், போட்டியைப் போல் கலந்து வீசிய தேர்வில், வரிசையாகப் பழகியவர்கள் ஏறத்தாழக் கால் பங்கு முன்னேறியிருந்தனர். கலந்து பழகியவர்களோ பாதிக்கும் மேல் முன்னேறியிருந்தனர். பந்துகளின் எண்ணிக்கை ஒன்று, வகை ஒன்று, மாறியது வரிசை மட்டுமே!

மூன்றாவது ஆய்வு இன்னும் வியப்பானது. 1978இல் கெர், பூத் ஆகிய இருவர் சிறுவர்களைக் கொண்டு இதை நடத்தினர். இலக்கை நோக்கிச் சிறு பையை எறிய வேண்டும். ஒரு குழு 3 அடித் தூரத்திலேயே பழகியது. மற்றொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது. 3 அடியில் பழகவே இல்லை. இறுதித் தேர்வு 3 அடியில். எட்டு வயதுச் சிறுவர்களில், அந்தத் தூரத்தில் எறிந்து பழகாதவர்களே சிறப்பாக எறிந்தனர்! பலவிதமாகப் பழகிய கை, புதிய தூரத்தையும் கணித்துக்கொண்டது. போட்டியைப் போலப் பழகுவது என்றால் ஒரே ஆட்டத்தை அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப ஆடுவது அன்று, போட்டியில் உள்ள மாறுதல்களோடு பழகுவதே என்பதை இந்த ஆய்விலிருந்து அறிகிறோம்.

சோவியத் நாட்டின் டைனமோ கீவ் கால்பந்து அணியின் பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி பொறியியல் படித்தவர். அவர் 1970களிலேயே அனடோலி செலன்ட்சோவ் என்னும் அறிவியலாளரைத் துணைகொண்டு, ஆட்டக்காரர்களின் செயல்களை எண்ணிக் கணக்கிட்டு, கணிப்பொறியின் உதவியோடு பயிற்சியை வகுத்தார். அவ்வணி 1975இலும் 1986இலும் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையை வென்றது. அன்று பெரிய நிறுவனங்களுக்கே எட்டிய கணிப்பொறி இன்று நம் சட்டைப்பையில் கைப்பேசியாக இருக்கிறது. எனவே வசதி இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

எண்ணும்போது நேரும் பிழை

எண்ணத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. எதை எதனால் வகுப்பது என்பதும் தெரிய வேண்டும். இதற்கு ஒரு புகழ்பெற்ற பிழையே சான்று.

இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்பவர் விமானப் படையில் கணக்குப் பிரிவில் பணிபுரிந்தவர். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் அணியின் ஆட்டம் ஒன்றைக் காணச் சென்றவர், இடைவேளைக்குப் பின் பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாக்குதலையும் குறிக்கத் தொடங்கினார். பல ஆண்டுகள் எண்ணற்ற ஆட்டங்களை இவ்வாறே குறித்தார். 1968இல் பெஞ்சமின் என்னும் புள்ளியியலாளருடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைந்த 'பாஸ்'களில் விளைந்தவை என்று கண்டார். ஆகவே பந்தை விரைவாக முன்னே அடிப்பதே சிறந்தது என்று முடிவு செய்தார். அக்கருத்து இங்கிலாந்தில் பல பயிற்சியாளர்களை ஈர்த்தது.

இதில் பிழை எங்கே? ஆட்டத்தில் நிகழும் பந்துத் தொடர்களில் மிகப் பெரும்பாலானவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுபவை. எண்ணிக்கையில் மிகுந்தது கோலிலும் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. கோல்களின் எண்ணிக்கையை அந்தவகைத் தொடர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஹியூஸ், ஃபிராங்க்ஸ் இருவரும் 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களை அவ்வாறு வகுத்துப் பார்த்து 2005இல் வெளியிட்டனர். தொடர் ஒன்றுக்கு இத்தனை கோல் என்று கணக்கிட்டபோது நீண்ட தொடர்களே கூடுதல் பலன் தந்தன.

தொகுதியை மட்டும் எண்ணிப் பகுதியை மறந்தால் நேரும் விபத்து இது. நம் கபடி அணியில் நாங்கள் செய்ததும் இதே பிழைதான் என்பதை அடுத்துக் காண்போம்.

குறிப்பேடு சொன்ன செய்தி

கபடியின் விதிகளை நினைவுபடுத்திக்கொள்வோம். ஆடவர் ஆட்டம் 20 நிமிடங்கள் வீதம் இரு பகுதி. ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு ரைடுக்கு 30 நொடி. எதிரணியில் ஆறு பேரோ எழுவரோ நின்றால் மட்டுமே போனஸ் கோட்டைக் கடந்து ஒரு புள்ளி எடுக்கலாம். ஐவரோ அதற்குக் குறைவோ நின்றால் போனஸ் கிடையாது. தொட்டே ஆக வேண்டும். மூவரோ அதற்குக் குறைவோ நிற்கும்போது அவர்கள் ரைடரைப் பிடித்துவிட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போது நம் பயிற்சியைப் பார்ப்போம். எழுவர் சங்கிலியாகக் கைகோத்து நிற்பார்கள். ரைடர்கள் வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராகப் பாடிச் செல்வார்கள். ஒருவர் வெளியேறினாலும் அடுத்த ரைடுக்கு அவரே வந்து நின்றுகொள்வார். ஆக, எதிரே எப்போதும் எழுவர். போனஸ் கோடு எப்போதும் திறந்தே இருக்கும். என் நண்பரின் பலம் போனஸ். ஒரு காலை நீட்டி மறு காலை உயர்த்தி அவர் புள்ளி எடுக்கும் அழகை நாங்கள் எல்லோரும் ரசித்தோம். பயிற்சியில் அவர் எடுத்த புள்ளிகளில் பெரும்பகுதி போனஸ் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

போட்டியின் குறிப்பேட்டையும் நண்பர் ஒருவர் கைப்பேசியில் எடுத்திருந்த படத்தையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரைடையும் ஒரு வரியாக எழுதினேன். யார் பாடினார், எதிரே எத்தனை பேர், எத்தனையாவது வெற்று ரைடுக்குப் பின், எத்தனை நொடி, புள்ளி நிலவரம் என்ன, முடிவு என்ன என ஆறு கட்டங்கள். அவர் பாடிச் சென்ற ரைடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் எதிரே நின்றது ஐவரோ அதற்குக் குறைவோ. அதாவது அவருடைய பலமான ஆயுதத்திற்கே அங்கு வேலை இல்லை. நம் அணி நன்றாக ஆடி எதிரிகளை வெளியேற்ற வெளியேற்ற, அவருக்கு வாய்த்த போனஸ் மறைந்துகொண்டே போயிற்று!

நிறையிட்ட சராசரி

இதைக் கணக்காகப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்ட கற்பனை எண்கள்.

ஒரு ரைடரின் ரைடுகளை மூன்று வகையாகப் பிரிப்போம். முதல் வகை, ஆறு அல்லது ஏழு பேர் எதிரே நிற்கும் சாதாரண ரைடு. அதில் அவர் 100க்கு 60 முறை வெற்றி பெறுகிறார். இரண்டாம் வகை, ஐவர் அல்லது குறைவாக நிற்கும் சாதாரண ரைடு. அதில் 100க்கு 40. மூன்றாம் வகை, புள்ளி எடுத்தே தீர வேண்டிய மூன்றாவது ரைடு. அதில் 100க்கு 20.

பயிற்சியில் அவர் பாடும் 100 ரைடுகளில் முதல் வகை 90, இரண்டாம் வகை 10, மூன்றாம் வகை ஒன்றுமில்லை என்க. அவருடைய வெற்றி 54 கூட்டல் 4, ஆக 58. போட்டியிலோ அதே 100 ரைடுகளில் முதல் வகை 40, இரண்டாம் வகை 40, மூன்றாம் வகை 20 என்க. வெற்றி 24 கூட்டல் 16 கூட்டல் 4, ஆக 44.

58 எங்கே, 44 எங்கே! பார்ப்பவர் என்ன சொல்வார்? "போட்டியில் பயந்துவிட்டான்" என்பார். ஆனால் கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு வகையிலும் அவருடைய திறமை ஓர் அணுவும் குறையவில்லை. மாறியது கலவை மட்டுமே. நிறையிட்ட சராசரியில் நிறைகள் மாறினால் சராசரி மாறும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய நான்தான் பேருந்தில் அமர்ந்து சிரித்தேன்.

பயம் என்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. போட்டியில் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் பயத்தின்மேல் பழி போடுமுன், கலவையால் விளைந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டு மீதியைத்தான் பார்க்க வேண்டும். இல்லையேல் பயிற்சித் திட்டத்தின் குறையை ஒரு மனிதனின் குணக்குறையாக மாற்றிவிடுவோம்.

சீட்டு டப்பா

நோயைக் கண்டுகொண்டோம், மருந்து என்ன? நம் கல்லூரியில் வகுப்புகள் முடிந்தபின் பயிற்சிக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். ஐந்தரை மணிப் பேருந்தை விட்டால் என்னைப் போன்ற கிராமத்து மாணவர்கள் பலருக்கு இருட்டிய பிறகே அடுத்த பேருந்து. நேரத்தைக் கூட்ட வழியில்லை. இருக்கும் நேரத்தின் கலவையைத்தான் மாற்ற முடியும்.

உடற்கல்வி இயக்குநர் அவர்களிடம் தயங்கித் தயங்கி என் குறிப்பேட்டைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தவர், "சரி, இதை மைதானத்தில் எப்படிச் செய்வாய்?" என்று கேட்டார். அதற்கு விடையாக வந்ததே சீட்டு டப்பா.

ஒரு பிஸ்கட் டப்பாவில் 20 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலை. 'எதிரே எழுவர், ஆட்டம் சமநிலை.' 'எதிரே நால்வர், ஒரு புள்ளி பின்தங்கல், மூன்றாவது ரைடு.' 'எதிரே மூவர், இரு புள்ளி முன்னிலை, கடைசி நிமிடம்.' இவ்வாறு எழுதியுள்ளோம். போட்டிக் குறிப்பேட்டில் எந்த வகை எந்த விகிதத்தில் உள்ளதோ அதே விகிதத்தில் சீட்டுகள். மேற்சொன்ன கற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டால் முதல் வகை 8, இரண்டாம் வகை 8, மூன்றாம் வகை 4. ரைடர் களத்தில் இறங்கும்போது ஒருவர் சீட்டை எடுத்து உரக்கப் படிப்பார். அந்தச் சூழ்நிலையில்தான் அவர் பாட வேண்டும்.

எடுத்த சீட்டை மீண்டும் டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட வேண்டும். போடாவிட்டால், மீதி என்னென்ன இருக்கின்றன என்பதை ஆட்டக்காரர்கள் ஊகித்துவிடுவார்கள். திரும்பப் போட்டால் மூன்றாவது ரைடு வருவதற்கான நிகழ்தகவு எப்போதும் ஐந்தில் ஒன்று. எது வரும் என்று யாருக்கும் தெரியாது. பேஸ்பால் ஆய்வில் கலந்து வீசிய பந்துகளின் பயன் இதனால் நமக்கும் கிடைக்கிறது.

களைப்பையும் கணக்கில் கொண்டோம். ஒவ்வொரு ரைடும் முழு 30 நொடி எடுத்து, இடையில் நிறுத்தமே இல்லை என்று கொண்டால், 40 நிமிட ஆட்டத்தில் 80 ரைடுகள், அணிக்கு 40. அவற்றில் மூன்றில் ஒரு பங்கை முதன்மை ரைடர் பாடினால் அவருக்கு 13 அல்லது 14. இது பெரிய எண்ணிக்கை அன்று. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் அவர் வரிசையில் நின்று இளைப்பாறுவதில்லை. உடனே தன் பக்கம் திரும்பி எதிரணி ரைடரைப் பிடிக்க நிற்க வேண்டும். பயிற்சியிலோ இளைப்பாறிய கால்களோடு பாடினோம். ஆகவே இப்போது ஒவ்வொரு ரைடுக்கு முன்னும் ரைடர் 30 நொடி பிடிப்பவராக நின்றுவிட்டே பாடச் செல்கிறார்.

இதில் மற்றொரு நுணுக்கமும் உண்டு. கால்பந்தில் ஆட்டக்காரர்கள் தம் ஓட்டத்தை அளக்கும் கருவிகளை ஆட்டத்தின்போது அணிந்துகொள்ள 2015இல் விதி இடமளித்தது. அத்தகைய கருவிகள் காட்டிய பாடம் ஒன்று: முழு ஆட்டத்தின் சராசரி வேகத்தைவிட, ஆட்டத்தின் மிகக் கடுமையான சில நிமிடங்களின் வேகம் மிக அதிகம். சராசரிக்குப் பழகியவர் அந்தச் சில நிமிடங்களில் தோற்றுப்போவார். ஆற்றின் சராசரி ஆழத்தைக் கேட்டு இறங்கியவன் கதைதான். எனவே வாரத்தில் ஒருநாள் கடினமான சீட்டுகளை மட்டும் டப்பாவில் போடுகிறோம்.

சில எச்சரிக்கைகள்

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. அவற்றைச் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது.

ஒன்று, ஓர் ஆட்டத்தின் குறிப்பு சிறிய கூறு. சிறிய கூறிலிருந்து பெரிய முடிவு எடுக்கக் கூடாது. அணியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதிச் சேர்க்கச் சேர்க்கவே விகிதங்கள் நிலைபெறும்.

இரண்டு, அரிதாக நிகழ்வது முக்கியமற்றது என்று ஆகாது. ஆட்டத்தின் இறுதி ரைடு ஒரே ஒருமுறைதான் வரும். ஆனால் ஆட்டத்தை முடிப்பது அதுவே. விகிதத்தை மட்டும் பார்த்தால் அதற்குச் சீட்டே கிடைக்காது. அத்தகைய சூழ்நிலைக்கு அதன் விகிதத்தைவிடக் கூடுதலான இடம் தர வேண்டும்.

மூன்று, புதிதாகக் கற்பவர்க்கு இது உடனே பொருந்தாது. பாதம் வைக்கவே தெரியாதவரை நால்வர் நடுவே விட்டால் அவர் கற்பது அச்சம் மட்டுமே. அடிப்படை அசைவுகளை முதலில் தனியாகப் பழக்கிய பின்னரே சீட்டு டப்பாவின் முன் நிறுத்த வேண்டும்.

நான்கு, உடல் நலம். போட்டியின் கடுமையை நாள்தோறும் கொண்டுவந்தால் முழங்காலும் தோளும் தாங்கா. கடுமையான நாளுக்கு மறுநாள் இலேசான நாளாக இருக்க வேண்டும்.

ஐந்து, எண்கள் மனிதரை மதிப்பிடுவதற்கு முன் பயிற்சியை மதிப்பிட வேண்டும். குறிப்பேட்டை ஆட்டக்காரரின் குற்றப்பத்திரிகையாகப் பயன்படுத்தினால் அடுத்த நாளே அவர் பாதுகாப்பாக ஆடத் தொடங்குவார்; துணிந்து தொடுவதை விட்டுவிடுவார். அதன்பின் நாம் எழுதும் எண்கள் அவர் ஆட்டத்தைக் காட்டா; அவருடைய தற்காப்பையே காட்டும்.

முடிவுரை

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இரவில் விளக்கடியில் கட்டம் போட்டு எழுதுவதைப் பார்த்த என் தந்தை, "இத்தனை கட்டம் போட்டு எழுதுறியே, யாருக்கு வட்டிக் கணக்கு?" என்று கேட்டார். விவரத்தைச் சொன்னேன். இளமையில் ஏர் ஓட்டியவர் அவர். சற்று யோசித்துவிட்டு, "புழுதியில மட்டும் பழக்கின மாடு சேத்துல இறங்கினா தடுமாறும். அதுக்காக மாட்டை அடிச்சா அது பழக்கினவன் குத்தம்" என்றார். பிரன்ஸ்விக் சொன்னதும், நான் இத்தனை பக்கங்களில் எழுதியதும் அவர் சொன்ன இரண்டு வரிகளில் அடங்கிவிட்டன.

அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் என் நண்பரின் ஊருக்குச் சென்றேன். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். அன்று பேருந்தில் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசி ரைடின் வரியில் விரலை வைத்து, "நாலு பேர் நிக்கும்போது நான் எத்தனை தடவை பழகியிருக்கேன்?" என்று கேட்டார். பயிற்சிக் குறிப்பு எதுவும் எங்களிடம் இல்லை. ஆனால் விடை இருவருக்கும் தெரியும். மறுநாள் மாலை அவர் மைதானத்திற்கு வந்தார்.

இவ்வாண்டுப் போட்டி இனிமேல்தான் நடக்க இருக்கிறது. வெல்வோமா என்று கேட்டால் புள்ளியியல் மாணவனாகிய நான் உறுதி கூற இயலாது. ஒரு போட்டியின் முடிவை வைத்து ஒரு முறையின் தரத்தை அளப்பதும் சரியன்று. எனினும் ஒன்று மட்டும் உறுதி. மீண்டும் மூன்றாவது ரைடு வந்து, எதிரே நால்வர் நின்றால், அது நம் ரைடருக்குப் புதிய இடமாக இராது.

மற்ற விளையாட்டுகளில் உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பந்தாயினும் கோ-கோவாயினும் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியை ஒருமுறை எழுதுங்கள். பயிற்சியையும் அதே கட்டங்களில் ஒருமுறை எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோற்றவரைப் பார்த்துச் சிரிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.